ஆறு கிராம்

மூன்றே காலுக்கு மின்சாரம் போனது.
எந்தச் சத்தமும் எழுப்பவில்லை என்னை,
ஹீட்டரின் முனகல் நின்றதும் விழித்துக்கொண்டேன்.

வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்துமூன்று.
தௌகவா ஆறு போன வாரமே இறுகிவிட்டது.
ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தில் பனி.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
கூண்டருகே போனேன்.

குளிர்காலத்தில் ஃபிஞ்சுகளை அடைகாக்க விடக் கூடாது,
கூட்டுப்பெட்டியைக் கழற்றிவிட வேண்டும்.
எனக்குத் தெரியும். அக்டோபரில் கழற்றினேன்.
பெட்டைக்குத் தெரியவில்லை.
தீவனக் கிண்ணத்தில், தினையின் மேலேயே,
ஒன்று இட்டாள். மறுநாள் இன்னொன்று.
வேறென்ன செய்ய?
பெட்டியைத் திரும்ப மாட்டினேன்,
தேங்காய் நார் திணித்தேன்,
தலையணையைக் கிழித்து இறகு கொடுத்தேன்.

மூன்றாம் முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டது.
உடம்பெல்லாம் உப்பிப்போய்த் தரையில் கிடந்தாள்.
கெட்டிலின் ஆவிக்குப் பக்கத்தில்
அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம்
இரண்டு பெண்கள்,
ஒருத்திக்குப் பிரசவ வலி,
மற்றவளுக்கு இரவு டிராம்.

ஐந்தும் பொரிந்தன.

இப்போது டார்ச் வெளிச்சத்தில் நான்கு,
ஒன்றன்மேல் ஒன்றாகத் தாயின் அடியில்.
ஐந்தாவது கூண்டின் தரையில், மணல்தாளில்.
காலில் மாட்டி வந்து விழுந்ததா, அவளே தள்ளினாளா,
விசாரிக்க நேரமில்லை.

உள்ளங்கையில் கூழாங்கல்போலக் கிடந்தது.
கழுத்தோரப் பையில், கண்ணாடித் தோலுக்கு அடியில்,
மாலையில் அப்பன் ஊட்டிய தினை.
எண்ணினேன், ஏழு மணி.
ஒன்றுகூடச் செரிக்கவில்லை.

குளிர்ந்த குஞ்சுக்கு ஊட்டக் கூடாது.
செத்துவிட்டதா என்றும் கேட்கக் கூடாது,
சூடாக்கிப் பார்த்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.
கைகளைக் குவித்து ஊதினேன்.
ஊதினேன்.
கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து
ஊறுகாய் ஜாடிகளில் ஊற்றிக் கம்பளிக் காலுறை மாட்டி
கூண்டின் இருபுறமும் நிறுத்தினேன்.
மேலே வலேரியனின் பழைய ராணுவக் கோட்டு.
அவன் விட்டுப்போனதில் உருப்படியானது அது ஒன்றுதான்.
மூச்சுக்கு ஒரு கை அகலம் இடைவெளி.

நாலரைக்கு டிப்போவில் இருக்க வேண்டும்.
பஞ்சில் சுற்றி உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டேன்.
ஐஸ் படிந்த நடைபாதையில்
மார்பில் கைவைத்து நடந்தேன்,
தேசிய கீதம் பாடப் போகிறவள்போல.

முதல் டிராம். ரொட்டி ஆலைக்காரர்கள் ஏறினார்கள்.
விதைக்கடை நிறுத்தம், பள்ளி நிறுத்தம்,
ஒன்றுமில்லை.
பாலத்தருகே
தையல் பிரிவதுபோல ஏதோ அசைந்தது.
பிறகு சத்தம்,
எண்ணெய் காணாத கீல்போல,
விடாமல், கோபமாக.

யாத்விகா கேபின் கண்ணாடியைத் தட்டினாள்.
"லியோந்தினா, பிரேக்கில் ஏதோ கிறீச்சிடுகிறது."
"பிரேக் இல்லை," என்றேன். "பசி."

கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிடம்.
மதியத்துக்கு வைத்திருந்த முட்டையின் மஞ்சளை
பிளாஸ்க் வெந்நீரில் குழைத்து
தீக்குச்சியின் பின்முனையால் கொடுத்தேன்.
தலை இப்படியும் அப்படியும் ஆடியது.
கண் திறக்காத அந்தத் தலையில்
வாய் மட்டும்தான் இருந்தது.
யாத்விகா இறங்கவில்லை.
ஆலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே
டார்ச் பிடித்தாள்.

பதினொன்றுக்கு வீடு.
மின்சாரம் எப்போதோ வந்திருந்தது.
கோட்டை விலக்கினேன். நான்கும் சூடாக.
நடுவில் இதைச் செருகினேன்.
பெட்டை ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள்,
மறு கண்ணால் அதை.
அப்பனுக்கு எண்ணத் தெரியாது,
திறந்த வாய்க்கெல்லாம் போட்டுக்கொண்டே போனான்.

ஆறு கிராம், சமையல் தராசில்.
நேற்றும் ஆறுதான்.

இன்றிரவு இருபத்தேழு என்கிறது வானொலி.
இன்னும் நான்கு ஜாடி வேண்டும்.
மேசையில் உட்கார்ந்து
உப்பு வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருக்கிறேன்.